பெயர் உள்ளவை முதலில்

செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைக்கு ஒரே பக்கம்தான்.
மிளகாய், மல்லி, ஜவ்வரிசி: இன்றைய விலை.
அங்கிருந்து யாரும் எங்கும் போக வேண்டியதில்லை.
ஆனாலும் அதைத் திறந்த ஒவ்வொரு போனும்
எங்கள் ரூட்டரையும் சேர்த்தே இறக்கிக்கொண்டிருந்தது,
ஏற்காடு போகாதவன் தலையில்
இருபது கொண்டை ஊசி வளைவையும் கட்டிவிட்ட மாதிரி.

பிரிச்சுடலாம், என்றான் ரியாஸ்.
தனி மாட்யூல்.
வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

அஸ்தம்பட்டியில் பல் டாக்டருக்கு மேல்மாடி.
ஃபேனை மூன்றில் வைத்தால் காகிதம் பறக்கும்,
ஒன்றில் வைத்தால் நாங்கள் வேகுவோம்.
ஃபிரேம்வொர்க்கின் மையக் கோப்பைத் திறந்தேன்.
இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் வரி.
இதில் ரூட்டிங் எங்கே தொடங்குகிறது என்று
எழுதிய எனக்கே தெரியவில்லை.
மாவிலிருந்து உப்பைப் பிரிப்பது போல
என்று சொல்ல வந்தேன்.
இல்லை, உப்பு இவ்வளவு கேள்வி கேட்காது.

வெட்டி ஒட்டிய முதல் ராத்திரி
அது 'திஸ்' என்று கூப்பிட்டது.
யாரும் என்ன என்று கேட்கவில்லை.
பழைய கோப்பில் அந்தச் சொல்லுக்கு ஓர் ஆள் இருந்தது.
இங்கே வெறும் சத்தம்.
அதனால் ஒவ்வொரு ஃபங்ஷனிடமும்
வேண்டியதை வாசலிலேயே கொடுத்தனுப்பினேன்:
இது முகவரி, இது பழைய பக்கம், இது திரும்பிப் போகும் வழி,
உள்ளே போய் யாரையும் கூப்பிடாதே.

நாற்பத்தாறு சோதனையும் பச்சை.
வெள்ளிக்கிழமை வெளியிட்டோம்.
ரியாஸ் தட்டுவடை செட் வாங்கி வந்தான்,
எனக்கு மட்டும் பூண்டுச் சட்னி கூட.

சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது.
நாகலூர் எஸ்டேட்டிலிருந்து பிலோமினா.
"சார், புது எடை போட அழுத்தினா
'புதிது' என்ற எண்ணில் மூட்டை இல்லைங்குது.
வெளியே பதினோரு பேர் கூடையோட நிக்கிறாங்க.
பழம் காய்ஞ்சா எடை குறையும்.
எடை குறைஞ்சா யார் கூலியில் கழிக்கிறது,
உங்க கூலியிலா?
நான் நோட்டில் எழுதுறேன்.
நீங்க மெதுவாப் பாருங்க."

மெதுவாக என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில்
ஃபேன் ஓடியும் வியர்த்தது.

ரியாஸ் மச்சான் வீட்டிலிருந்து
மலை இறங்கிக்கொண்டிருந்தான்.
பஸ் ஏதோ ஒரு வளைவில் ஒதுங்கி நின்றிருந்ததாம்,
ஏறி வரும் லாரிக்கு வழி விட்டு.
"மையக் கோப்பில் ஒத்தையா ஒரு வரி இருந்துச்சே,
வரிசைப்படுத்துற வரி. அதையும் கொண்டுபோனியா?"
என்றான். அப்புறம் சிக்னல் இல்லை.

கொண்டுபோகவில்லை.
அழகுக்கு அடுக்கியது என்று நினைத்து அழித்திருந்தேன்.
பழைய பிரதியில் தேடினேன்.
அதன் தலைக்கு மேல் ரியாஸின் குறிப்பு,
மூன்றே சொல்:
பெயர் உள்ளவை முதலில்.

எடை/புதிது ஓர் இடம்.
எடை/எண் ஒரு காலி நாற்காலி,
யார் வந்தாலும் எண் என்று சொல்லி உட்காரவைக்கும்.
நான் நாற்காலியை வாசலுக்கு முன்னால் போட்டிருக்கிறேன்.
புதிதாக வந்த கூடையெல்லாம் அதில் தடுக்கி
இல்லாத மூட்டைகளாக நின்றிருந்தன.

பத்து இருபத்தைந்துக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்தது.
"வந்துடுச்சு," என்று மட்டும் சொல்லி
போனை வைத்தாள்.
அந்த முக்கால் மணி நேரக் கூடைகளை
சாயங்காலம் நோட்டைப் பார்த்து
ஒவ்வொன்றாக ஏற்றியிருந்தாள்,
கிராம் விடாமல்.

நாற்பத்தேழாவது சோதனை எழுதினேன்.
அதற்கு நாகலூர் என்று பெயர்.

செவ்வாய்ப்பேட்டைக்காரரை
அடுத்த வாரம் கடைவாசலில் பார்த்தேன்.
பக்கம் இப்போ படக்கென்று திறக்குது தம்பி,
டவர் மாத்திட்டாங்க போல,
என்றார்.